குயின்ஸ்லாந்து ஆம்புலன்ஸ் மகளிர் குழு பேட்ஜ்: எந்தக் காலம், எப்படிச் சுத்தம் செய்வது?

கேள்வி: ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து ஆம்புலன்ஸ் டிரான்ஸ்போர்ட் பிரிகேடுக்கு (அங்கிருந்த பழைய ஆம்புலன்ஸ் அமைப்பு) நிதி திரட்டிய மகளிர் குழுவின் பித்தளை பேட்ஜ் என்னிடம் இருக்கிறது. எனாமலில் (முகப்பின் கண்ணாடிப் பூச்சு) மயிரிழை விரிசல், ஊசிக் கீலில் பச்சைக் களிம்பு. காலம் கணிப்பது எப்படி? பித்தளை பாலிஷ் போடலாமா?

பதில் (செப்புக்காசு என்ற பயனர்): பிரிகேடின் தொடக்கம் 1892, பிரிஸ்பேன். 1991-ல் குயின்ஸ்லாந்து ஆம்புலன்ஸ் சர்வீஸ் வந்ததும் பழைய பெயர் போய்விட்டது. ஆக, அதற்கு முந்தையது. மேலும் நெருங்க, பின்புற முத்திரையை 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். தயாரிப்பாளர் பெயரைவிட முகவரிதான் உதவும், கடைகள் இடம் மாறும்.

பதில் (பழம்பொருள் என்ற பயனர்): பாலிஷ் வேண்டவே வேண்டாம் சார். அதில் அம்மோனியா இருந்தால் வளைந்து இறுக்கத்தில் இருக்கும் பித்தளையில் விரிசல் விடும், ஊசி முறியும். வெள்ளைத் தூள் எழுத்துப் பள்ளங்களில் தங்கிவிடும். களிம்பை மூங்கில் பல்குச்சியால் உலர்வாகச் சுரண்டுங்கள். காய்ச்சி வடித்த நீரில் பஞ்சை நனைத்து, பிழிந்து, முகப்பை ஒற்றுங்கள். ஊறவைத்தால் விரிசல் வழியே நீர் இறங்கி எனாமல் பெயரும். ஒலி அதிர்வால் சுத்தம் செய்யும் அல்ட்ராசோனிக் தொட்டியிலும் அதே கதிதான்.

செப்புக்காசு: பிவிசி உறையிலும் வைக்காதீர்கள். அது கசியவிடும் அமிலத்தால் களிம்பு திரும்ப வரும். அமிலமற்ற காகிதம், கூடவே ஈரம் உறிஞ்சும் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போதும்.