பொங்கலன்னிக்கு அங்க இடமில்லை

வாட்ஸ்அப் குழு: பெரிய வீட்டுப் புள்ளிகள், பள்ளத்தூர்

*ராமு, சென்னை (காலை 7:12)*
எல்லாருக்கும் வணக்கம். நேத்து பிள்ளையார் நோன்புக்கு எல்லார் வீட்லயும் இழை எடுத்துக்கிட்டாச்சா? இங்க சின்னவன் தூக்கக் கலக்கத்துலயே எடுத்துக்கிட்டான்.
ஒரு யோசனை. இந்தப் பொங்கலுக்கு ரொம்ப நாள் கழிச்சு எல்லாப் புள்ளியும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும், நம்ம பூர்வீக வீட்டு வளவுல கூடுறோம். பானை இறக்கின கையோட, பக்கத்துல இருக்கிற முதியோர் இல்லத்துக்கு மதியச் சாப்பாடு நம்ம குடும்பம் சார்பா போடலாமா? 62 பேர் இருக்காங்கன்னு கேள்விப்பட்டேன். வடை பாயசத்தோட சமையல்காரர்கிட்ட சொல்லிட்டா, பரிமாறுறதை நம்ம பிள்ளைகளே பாத்துக்கும். ஆளுக்கு ஒரு சேலை, வேட்டி. போட்டோவும் எடுத்து வச்சுக்கிட்டா பிள்ளைகளுக்கு ஒரு ஞாபகமா இருக்கும்.

*தேனம்மை, சிங்கப்பூர் (7:20)*
ரொம்ப நல்ல காரியம் ராமு. நான் 10ஆம் தேதியே வந்துருவேன். சேலை என் பொறுப்பு. எல்லாருக்கும் கண்டாங்கியே எடுப்போம்.

*அழகு, மதுரை (7:31)*
நானும் சேந்துக்கிறேன் அண்ணே.

*பெரியப்பச்சி (7:48)*
தாராளமாச் செய்யுங்க. முதல்ல உமையாளை ஒரு வார்த்தை கேட்டுக்கங்க. வாரா வாரம் அங்க போயிட்டு வர்றவ அவதான்.

*உமையாள் சின்னாத்தா (9:05)*
இப்பத்தான் அடுப்படியை ஒதுக்கிட்டு வந்து பாக்கிறேன். ராமு, உனக்கு இது தோணினதே எனக்கு மனசு நிறைஞ்சு போச்சுப்பா. ஆனா பொங்கலன்னிக்கு அங்க இடமில்லை.
போன வாரமே கேட்டேன். காலைப் பலகாரம் ஒருத்தர், மதியச் சாப்பாடு ஒருத்தர், ராத்திரிக்கு ஒருத்தர்னு எழுதியாச்சு. மதியத்துக்கு இன்னும் ரெண்டு பேர் கேட்டு நிக்கிறாக. சொல்லாம கொள்ளாம வண்டியில கொண்டாந்து இறக்குறவுக வேற.
தீபாவளிக்கு என்ன ஆச்சு தெரியுமா? அதிரசம், லட்டு, மைசூர்பாகுன்னு மேசை கொள்ளலை. அங்க பாதிப் பேருக்குச் சக்கரை. ஆசையில தின்னு ரெண்டு பேருக்கு மயக்கம் வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். மிச்சம் நாலாம் நாள் ஊசிப்போச்சு. கொல்லையில குழி வெட்டி நானும் காவலாளியும்தான் புதைச்சோம். அன்னிக்கு வீட்டுக்கு வந்து எனக்குச் சோறு இறங்கலை.
அதே இடத்துக்குப் பங்குனிக் கடைசியில ஒரு புதன்கிழமை போனேன். ராத்திரிக்கு ரசஞ்சோறும் ஊறுகாயும். மளிகைக்கடை பாக்கி ஏறிப்போச்சாம், சாமான் தரமாட்டேன்னுட்டாகளாம். அந்த மாசம் முழுக்க ஒரு கார் அந்த வாசல்ல வந்து நிக்கலை.

*ராமு (9:11)*
எனக்கு இது தெரியவே தெரியாது சின்னாத்தா. அப்ப சேலை மட்டும் கொடுத்துருவோமா?

*உமையாள் சின்னாத்தா (9:26)*
சேலையையும் சொல்லிடறேன். கடைசிக் கட்டில்ல ஒரு அம்மா இருக்காக. ஊர் தேவகோட்டைப் பக்கம். போன மாசம் அவுக டிரங்குப் பெட்டியை ஒழிச்சு வைக்கச் சொன்னாக. திறந்தா 14 சேலை, மடிப்புக் கலையாம, கடை விலைச்சீட்டோட. ஒண்ணையும் கட்டலை. உடம்புல என்ன தெரியுமா? சாயம் போன ஒரு நைட்டி. மாத்துக்கு இன்னொண்ணு கொடியில காயுது. அதுக்கும் தோள்பட்டையில கிழிசல்.
ஏன் ஆச்சி, புதுசு இத்தனை இருக்கே, கட்டக் கூடாதான்னு கேட்டேன். கையை நீட்டிக் காமிச்சாக. விரல் முட்டி அத்தனையும் வீங்கி வளைஞ்சிருக்கு. ரவிக்கைக் கொக்கி மாட்ட முடியலை. கொசுவம் வைக்க வரலை. கட்டிவிட ஆளும் கிடையாது. 62 பேருக்குப் பகல்ல ரெண்டு ஆயா, ராத்திரிக்கு ஒரு ஆயா. சேலைக்கு உள்பாவாடை வேணும், ரவிக்கை தைக்கணும். வாங்கிக் கொடுக்கிற ஒருத்தருக்கும் அந்த நினைப்பு வர்றதில்லை.
அவுகளுக்கு வேண்டியது முன்பக்கம் ஜிப்பு வச்ச பருத்தி நைட்டி. அம்புட்டுத்தான்.

*மெய்யம்மை அயித்தை, காரைக்குடி (9:34)*
உமையா, அதை நான் தைக்கிறேன். மிஷின் சும்மாத்தான் கிடக்கு. ஜிப்பு இழுக்கிற இடத்துல ஒரு துணி வளையம் கோத்துட்டா, விரல் மடங்காதவுககூட இழுத்துக்கலாம். எத்தனை பேருக்கு வேணும்?

*உமையாள் சின்னாத்தா (9:37)*
பொம்பளையாளுக 38 பேர். அதுல கொக்கி மாட்ட முடியாதவுக 19 பேர். ஆளுக்கு ரெண்டுன்னா 38 நைட்டி.

*மெய்யம்மை அயித்தை (9:38)*
ஒரு நாளைக்கு மூணுன்னு வச்சாலும் பொங்கலுக்குள்ள முடிஞ்சிரும். துணியைத் தண்ணியில ஊறப் போட்டுச் சுருங்கவிட்டுத்தான் வெட்டணும், அதுக்கு ரெண்டு நாள் கொடு.

*பெரியப்பச்சி (10:02)*
உமையாள் சொல்றதைப் படிக்கையில நம்ம வள்ளல் அழகப்பச் செட்டியார் ஞாபகம் வருது. 1947ல சென்னையில அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழா. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார் பேசுறப்ப, கல்லூரி தொடங்கச் செல்வர்கள் முன்வரணும்னு கேட்டார். அந்தச் சபையிலேயே காரைக்குடிக்கு ஒரு கல்லூரின்னு அழகப்பர் சொன்னார். அந்த வருஷமே நடத்தியும் காட்டினார். அப்புறம் தேசத்துக்கு ஆராய்ச்சிக்கூடம் வேணும்னதும், மின்வேதியியல் கூடத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் எடுத்து வச்சார். 1948 ஜூலையில நேரு வந்து அடிக்கல் நாட்டினார். கேட்டவுக எதைக் கேட்டாகளோ அதையே கொடுத்தார். அதான் அந்த மனுஷன்.
பொங்கல் சாப்பாட்டை விட்டுருவோம். இல்லத்துக்கு என்ன வேணும்னு உமையாள் பட்டியல் போடட்டும்.

*உமையாள் சின்னாத்தா (10:20)*
மேலாளர் அம்மாகிட்ட இப்பத்தான் பேசினேன். அவுகளுக்கு முதல் கவலை மளிகைக்கடை. மாசி பொறந்தா வரவு நின்னுரும். ஆனி, ஆடியெல்லாம் வறட்சிதான். அடுத்தது பெரியவுகளுக்கான டயப்பர், மெத்தை மேல விரிக்கிற ரப்பர் துணி. மூணாவது, ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போக ஆளு. சீட்டு வாங்கி, வரிசையில நின்னு, டாக்டர் சொன்னதை எழுதிக்கிட்டு வரணும். அரை நாள் வேலை. அதுக்குத்தான் ஆள் கிடைக்கிறதே இல்லை.

*ராமு (10:31)*
பணம் நான் வசூல் பண்றேன். கோயிலுக்கு வரி எடுக்கிற மகமை மாதிரிப் புள்ளிக்கு இவ்வளவுன்னு வச்சுருவோம். புள்ளிக்கு 3,000, அரைப் புள்ளிக்கு 1,500. நம்ம வளவுல முழுப் புள்ளி 19, அரைப் புள்ளி 3. ஆக 61,500.

*பெரியப்பச்சி (10:44)*
ஒரு விஷயம். ரொக்கமா 2,000க்கு மேல கொடுத்தா வருமான வரியில நன்கொடைக் கழிவு வராது. சாமானாக் கொடுத்தாலும் வராது. புது வரி முறையில இருக்கிறவுகளுக்கு எப்படிக் கொடுத்தாலும் கிடையாது. கழிவு வேணும்கிறவுக இல்லத்துக் கணக்குல வங்கி வழியாப் போட்டு ரசீது வாங்கிக்கலாம்.

*ராமு (10:47)*
கழிவு வேண்டாம் பெரியப்பச்சி. மளிகைக்கடைக்கே கட்டிருவோம்.

*தேனம்மை (10:50)*
நான் இந்த வளவுப் புள்ளி இல்லைன்னாலும் எனக்கும் பங்கு வேணும். 1,000 சிங்கப்பூர் வெள்ளி நேரா இல்லத்துக் கணக்குக்கு அனுப்பிடறேன்.

*பெரியப்பச்சி (10:58)*
அவசரப்படாதே தேனம்மை. நீ அந்த ஊர்க் குடியுரிமை வாங்கிட்டேல்ல? இந்தியப் பாஸ்போர்ட் வச்சிருக்கிறவுக வெளிநாட்டுல இருந்து சொந்தச் சேமிப்பை வங்கி வழியா அனுப்பினா அது உள்ளூர்ப் பணம் மாதிரிதான். குடியுரிமை மாறிட்டா அது வெளிநாட்டு நன்கொடை. 2010ஆம் வருஷச் சட்டம். அதுக்குப் பதிவோ முன் அனுமதியோ இருக்கிற நிறுவனம்தான் வாங்க முடியும். நம்ம இல்லத்துக்கு ரெண்டும் இல்லை. நல்ல மனசோட நீ அனுப்பி, அவுகளுக்குச் சிக்கல் ஆயிரக் கூடாது. பேங்குல இருந்தப்ப இப்படி ஒரு கேஸ் பாத்திருக்கேன்.

*தேனம்மை (11:06)*
நல்லவேளை சொன்னீங்க பெரியப்பச்சி. மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. சரி, பணம் வேண்டாம்னா ஆளா வாரேன். ஒம்பது நாள் இருக்கேன். உமையாள் சின்னாத்தா, என்னை எங்க நிக்கச் சொல்றீங்களோ அங்க நிக்கிறேன்.

*உமையாள் சின்னாத்தா (11:13)*
வாடி. உனக்கு வேலை இருக்கு. சனிக்கிழமை சனிக்கிழமை நான் நகம் வெட்டிவிடுவேன். கால் நகம் கெட்டியாகிச் சுருண்டு சதைக்குள்ள போயிருக்கும். வெதுவெதுப்பான தண்ணியில கொஞ்ச நேரம் ஊற வச்சாத்தான் கத்திரி இறங்கும். சக்கரை உள்ளவுக காலுல கீறல் படாம வெட்டணும், அது புண்ணாச்சுன்னா ஆறாது. என் ஒருத்திக்கு ஒரு நாளைக்கு எட்டுப் பேருக்கு மேல முடியலை. நீ வந்தா பொங்கலுக்கு முன்ன எல்லாருக்கும் பாத்துரலாம்.

*ராமு (11:15)*
சின்னாத்தா, போட்டோ?

*உமையாள் சின்னாத்தா (11:22)*
வேண்டாம்ப்பா. வாங்குற கையைப் படம் எடுக்கிறப்ப அவுக தலை குனியறதை நான் பாத்திருக்கேன். பிள்ளைக இல்லத்துக்குப் போனா இன்னும் கண்டிப்பு. அங்க இருக்கிற பிள்ளைக முகத்தை ஊடகத்துல போடுறது இளைஞர் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவுப்படி குற்றம். இதை நம்ம பிள்ளைகளுக்கும் சொல்லி வை. கையில போன் இல்லாமப் போய் உக்காந்து பேசட்டும்.

*ராமு (11:24)*
சொல்லிடறேன். புரியுது.

*அழகு (1:10)*
சாப்பாட்டு நேரத்துலதான் பாத்தேன். இதே கதைதான் எங்க ரத்த வங்கியிலயும். தலைவர் பொறந்தநாள்னா ஒரே நாள்ல நூறு பேர் வந்து நிப்பாங்க. பொங்கல் வாரத்துல கல்லூரி லீவு, முகாம் கிடையாது. ரோட்டுல விபத்து மட்டும் குறையாது. ரத்தம் உறைய உதவுற தட்டணுவை அஞ்சு நாளைக்கு மேல வச்சுக்க முடியாது, சிவப்பணுவுக்கு 35லேருந்து 42 நாள்.
வளவுக்கு வர்றவங்கள்ல 18லேருந்து 65 வயசுக்குள்ள, 45 கிலோவுக்குக் குறையாம, ரத்தத்துல ஹீமோகுளோபின் 12.5 இருக்கிறவங்க கொடுக்கலாம். ஆம்பிளைங்க மூணு மாசத்துக்கு ஒரு தரம், பொம்பளைங்க நாலு மாசத்துக்கு ஒரு தரம். ஆனா எல்லாரும் ஒரே நாள்ல வேண்டாம். பொங்கலுக்கு முன்ன நாலு பேர், காணும் பொங்கல் கழிச்சு நாலு பேர், மாசியில மிச்சப் பேர். பேரைக் கொடுங்க, வரிசை நான் போடறேன்.

*ராமு (1:14)*
என் பேரை முதல்ல எழுது. பொங்கலுக்கு முந்தின வாரம்.

*தேனம்மை (1:20)*
தைப்பூசத்துக்குப் பழனி நடை போறவங்களுக்கு வருஷா வருஷம் குன்றக்குடியில விடியக்காலை சுக்குக் காப்பி கொடுப்பமே, அது இந்த வருஷம்?

*பெரியப்பச்சி (1:33)*
அது நிக்காது. ஐயா காலத்துல இருந்து வர்றது. காவடி சிங்கம்புணரி, நத்தம்னு நடந்து போகுது, முதல் நாள் கால் வலிக்குச் சூடா ஒரு வாய் காப்பிதான் தெம்பு. செலவு என்னோடது.

*உமையாள் சின்னாத்தா (4:40)*
ராமு, என் கணக்கைத் திருத்து. உங்க சித்தப்பா இறந்து போனதுல இருந்து கோயில் வரியில நான் அரைப் புள்ளி. அது ஊர் வழக்கம், அதுல எனக்கு ஒண்ணும் இல்லை. இதுல என்னை முழுப் புள்ளியா எழுது. 3,000. அவுக இருந்திருந்தா அவுக கையாலதான் கொடுத்திருப்பாக.

*ராமு (4:44)*
எழுதிட்டேன் சின்னாத்தா. முழுப் புள்ளி 20, அரைப் புள்ளி 2. மொத்தம் 63,000. மாசியில இருந்து தை வரைக்கும் மாசம் 5,250 மளிகைக்கடைக்கு. பன்னெண்டு மாசத்துக்குச் சரியா வருது.

*பெரியப்பச்சி (4:51)*
ஆஸ்பத்திரித் துணைக்குச் செவ்வாய்க்கிழமை நான் போறேன். வெள்ளிக்கிழமைக்கு யார்?

*மெய்யம்மை அயித்தை (4:55)*
அண்ணன், வெள்ளிக்கிழமை நான்.

*உமையாள் சின்னாத்தா (7:18)*
அளவு எடுத்துட்டு இப்பத்தான் வீட்டுக்கு வந்தேன். 19 பேருக்கும் தனித்தனியா எழுதிப் படம் அனுப்பியிருக்கேன். டிரங்குப் பெட்டி அம்மாவுக்கு மட்டும் பச்சையில வேணுமாம். நைட்டியில பை வைப்பீங்களான்னு கேட்டாக. கண்ணாடியும் வெத்தலையும் வைக்கணுமாம். இடது கை தூக்க வராது, வலப்பக்கம் வை.

*மெய்யம்மை அயித்தை (7:21)*
பச்சை. வலப்பக்கம் பை. எழுதிக்கிட்டேன்.