மகனுக்கு ஜூனில் 18 முடிகிறது, எதிலிருந்து தொடங்குவது?

திருச்சி_அம்மா:
எல்லோருக்கும் வணக்கம். மகனுக்கு அறிவுசார் குறைபாடு, கூடவே ஆட்டிசம், சான்றிதழில் 70 சதவீதம் என்று போட்டிருக்கிறது. வரும் ஜூனில் 18 முடிகிறது. இப்போது போகும் சிறப்புப் பள்ளியில் அதற்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டார்கள். குளிப்பது, சாப்பிடுவது, உடுத்துவது எல்லாம் தானாகவே செய்வான், சட்டைப் பொத்தான் மட்டும் ஒரு குழி தள்ளிப் போட்டுக்கொண்டு வந்து நிற்பான். தெருமுனைக் கடையில் பால் பாக்கெட் வாங்கி வருவான், மீதிச் சில்லறையைக் கேட்கத் தெரியாது. பேச்சு இரண்டு மூன்று வார்த்தைதான், ஆனால் நாம் சொல்வது நன்றாகவே புரியும்.

வங்கியில் கேட்டால் மைனர் கணக்கு முடிந்துவிடும், இனி அவன்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்கிறார்கள். பேரை எழுதுவான், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வரும். சொந்தக்காரர்களில் ஒருவர் கோர்ட்டுக்குப் போ என்கிறார், இன்னொருவர் பெற்றவர்களுக்கு எதற்குப் பேப்பர் என்கிறார். கணவர் மத்திய அரசு வேலை. மூத்தவள் பெங்களூரில் இருக்கிறாள். எதை முதலில் செய்வது?

மதுரை_அப்பா:
சகோதரி, கோர்ட் எல்லாம் வேண்டாம். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு இந்த நான்குக்கும் அது பொருந்தும். 18 வரைக்கும் பெற்றவர்கள் இயற்கையான பாதுகாவலர்கள், அதற்குப் பிறகு சட்டத்தின் கண்ணில் அவன் ஒரு மேஜர், அவ்வளவுதான், நாம் பெற்றவர்கள் என்பதால் தானாக எந்த அதிகாரமும் வந்துவிடாது. அதனால்தான் வங்கிக்காரர் அப்படிச் சொல்கிறார். பாதுகாவலர் சான்றிதழ் கொடுப்பது உள்ளூர் அளவிலான குழு, மாவட்ட ஆட்சியர்தான் தலைவர். கலெக்டர் ஆபீசில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர் அறைக்குப் போனால் வழி சொல்வார்கள். நீங்களும் கணவரும் சேர்ந்தே விண்ணப்பிக்கலாம்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், சான்றிதழ் வாங்கியதோடு வேலை முடியாது. நியமித்த ஆறு மாதத்துக்குள் பையன் பேரில் இருக்கும் சொத்து, பணம், கடன் பட்டியல் கொடுக்க வேண்டும், அப்புறம் வருடா வருடம் கணக்குக் காட்ட வேண்டும். அவன் பேரில் என்ன போட்டாலும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

அப்படியே யூடிஐடி அட்டையையும், அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டையையும் எடுத்துப் பாருங்கள். சிறு வயதில் எடுத்த சான்றிதழ் தற்காலிகம் என்றால் மறுபடி மெடிக்கல் போர்டுக்குப் போக வேண்டிவரும். அரசு தரும் மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வாங்குகிறீர்களா? இல்லை என்றால் அதே அலுவலகத்தில் மனு கொடுங்கள். நிராமயா என்ற மருத்துவக் காப்பீடு எடுக்கவில்லை என்றால் எடுத்துவிடுங்கள், 1 லட்சம் வரை கிடைக்கும், முன்கூட்டி மருத்துவப் பரிசோதனை எதுவும் கேட்க மாட்டார்கள்.

கோவை_டீச்சர்:
மதுரை சார் சொன்னது எல்லாம் சரி. ஆனால் எங்களிடம் வரும் பெற்றோரில் பாதிப் பேர் இந்தப் பேப்பரை முடித்துவிட்டு எல்லாம் ஆயிற்று என்று நினைத்துவிடுகிறார்கள். பள்ளி நின்ற பிறகு திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பையன் என்ன செய்வான்? அதற்குப் பதில் இல்லாமல் டிவியும் செல்போனும் என்று உட்கார்ந்தால், ஆறே மாதத்தில் எடை ஏறிவிடும், பகலில் தூங்கி இரவில் முழித்திருப்பார்கள், கோபம் வேறு வரும். பள்ளியில் பத்து வருடமாகப் பழக்கிய வேலையெல்லாம் போய்விடும்.

ஜூனுக்கு முன்பே தொழிற்பயிற்சி மையங்களை நேரில் போய்ப் பாருங்கள். சென்னை முட்டுக்காட்டில் இருக்கும் மத்திய அரசின் பல்வகைக் குறைபாட்டு நிறுவனத்தில் வயது வந்தவர்கள் தனித்து வாழ்வதற்கென்றே ஒரு துறை இருக்கிறது, ஒருமுறை அழைத்துப்போய் மதிப்பீடு செய்து வாங்கினால் அவனுக்கு எது வரும், எது வராது என்பது எழுத்தில் கிடைக்கும். மெழுகுவர்த்தியும் காகிதக் கவரும்தான் எல்லோருக்கும் என்று எந்த மையத்தில் சொன்னாலும் கொஞ்சம் யோசியுங்கள். சத்தம் பிடிக்காத பிள்ளையை மாவு மில்லில் நிற்க வைத்தால் நிற்குமா? அவனுக்கு எது பிடிக்கும், எதை அலுக்காமல் திரும்பத் திரும்பச் செய்வான் என்பது உங்களுக்குத்தான் தெரியும், அதிலிருந்து பிடியுங்கள்.

இன்னொன்று, கூச்சப்படாமல் கேளுங்கள். ஷேவிங், கதவைச் சாத்திக்கொண்டு உடை மாற்றுவது, தொட்டுப் பேசுவதில் யார் யாரிடம் எவ்வளவு, உடம்பில் வரும் மாற்றத்தை எங்கே தனியாக வைத்துக்கொள்வது, இதையெல்லாம் அவனுடைய அப்பா இப்போதே சொல்லிக்கொடுக்க வேண்டும். ஏழு வயதில் கட்டிப்பிடித்தால் எல்லோரும் ரசித்தார்கள், மீசை வந்த பிறகு பஸ்ஸில் அதையே செய்தால் அடி விழும். குழந்தை மருத்துவரிடமே காட்டிக்கொண்டிருந்தால் அவர் இருக்கும்போதே பெரியவர்களைப் பார்க்கும் மருத்துவருக்கு ஒரு கடிதம் எழுதி வாங்குங்கள், வலிப்பு மாத்திரை இருந்தால் கட்டாயம்.

தம்பிக்கு_அக்கா:
நான் பெற்றோர் இல்லை, என் தம்பிக்கு 26 வயது. உங்கள் மூத்த மகளிடம் கேட்டீர்களா அக்கா? தவறாக நினைக்காதீர்கள், எல்லா வீட்டிலும் அப்பா அம்மாவுக்குப் பிறகு இவள் பார்த்துக்கொள்வாள் என்று எழுதாமலேயே எழுதிவிடுகிறார்கள். நாங்கள் பார்த்துக்கொள்வோம், அது வேறு. ஆனால் எந்த ஊரில், யார் வீட்டில், எவ்வளவு பணத்தில் என்று உட்கார்ந்து பேசியதே கிடையாது, கல்யாணப் பேச்சு வரும்போதுதான் எல்லாம் வெளியே வரும். உங்கள் மகன் பேருக்கு நேராக வீட்டை எழுதி வைக்காமல், ஒரு அறக்கட்டளை ஏற்படுத்தி அதன் வழியாகச் செலவுக்குப் பணம் வருகிற மாதிரி உயில் எழுதுவது நல்லது, வக்கீலிடம் கேளுங்கள்.

பாதுகாவலர் விஷயத்தில் எனக்கு ஒரு மாறுபட்ட கருத்து. உங்கள் மகனுக்கு நாம் சொல்வது புரியும் என்கிறீர்கள். அப்படியானால் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஏன் கேட்க வேண்டும்? இவருக்குப் பாதுகாவலர் தேவையா, எதற்காகத் தேவை என்று பார்த்துத்தான் குழு முடிவு செய்ய வேண்டும் என்று அந்த 1999ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் வரம்புக்கு உட்பட்ட பாதுகாவலரைத்தான் பேசுகிறது, அதாவது அவரோடு சேர்ந்து முடிவெடுப்பது. வங்கி, சொத்து, பென்ஷன், சிகிச்சை இவற்றுக்குக் கேளுங்கள். என்ன சட்டை போடுவது, எந்த வேலைக்குப் போவது என்பதை அவனிடமே விடுங்கள்.

மதுரை_அப்பா:
அக்கா சொல்வது நியாயம்தான், ஆனால் வங்கியிலோ பதிவு அலுவலகத்திலோ "எதற்கெல்லாம்" என்பதைப் படித்துப் பார்க்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? என் அனுபவத்தில் பணம், சொத்து என்று வெளிப்படையாக எழுதியிருந்தால்தான் வேலை நடந்தது. விண்ணப்பத்தில் ஒவ்வொன்றாகப் பேர் சொல்லி எழுதிவிடுங்கள்.

திருச்சி_அம்மா:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மகளோடு இந்த ஞாயிறு பேசப் போகிறேன். பென்ஷன் என்று சொன்னீர்களே, அது என்ன? கணவர் ஓய்வு பெற்ற பிறகு பார்த்துக்கொள்ளலாமா?

மதுரை_அப்பா:
வேண்டாம், இப்போதே பாருங்கள். சம்பாதித்துப் பிழைக்க முடியாத குறைபாடு இருக்கும் பிள்ளைக்கு, உங்கள் இருவருக்கும் பிறகு குடும்ப ஓய்வூதியம் ஆயுள் முழுக்க உண்டு. ஆபீசில் கொடுத்திருக்கும் குடும்ப விவரப் படிவத்தில் மகன் பேர் குறைபாட்டோடு சேர்த்து எழுதப்பட்டிருக்கிறதா என்று கணவரைப் பார்க்கச் சொல்லுங்கள், இல்லை என்றால் மருத்துவச் சான்றிதழை இணைத்து இப்போதே கொடுக்கச் சொல்லுங்கள். இருவரும் போன பிறகு மூத்தவள் ஆபீஸ் ஆபீஸாக அலைவதைவிட இது எவ்வளவோ மேல். பணம் பாதுகாவலர் வழியாகத்தான் வரும், அதற்கும் இதே மாதிரிப் பாதுகாவலர் சான்றிதழை ஏற்றுக்கொள்வார்கள்.

கோவை_டீச்சர்:
மீதிச் சில்லறை கேட்கும் விஷயம் விட்டுப்போயிற்று. கடைக்காரரிடம் முன்பே சொல்லிவிட்டு, பால் என்ன விலையோ அந்தத் தொகையைச் சரியாக எண்ணிக் கொடுத்தனுப்புங்கள், அது நன்றாகப் பழகியதும் பத்து ரூபாய் கூடுதலாகக் கொடுத்து, கையை நீட்டி நிற்கப் பழக்குங்கள். பேச வேண்டியதில்லை, நின்றால் போதும். பொத்தானுக்குக் கீழிருந்து மேலே போடச் சொல்லிக்கொடுங்கள், கீழ் ஓரம் கண்ணுக்குத் தெரியும், தள்ளிப்போகாது.