புதுப்பிப்பு: மலைப்பள்ளி சோலார் டிரிப் ஆனது, காரணம் பேட்டரி இல்லை

போன மாதம் கேட்டிருந்தேன்: ஜவ்வாது மலையில் எங்கள் பள்ளி சோலார், காலையில் தண்ணீர் மோட்டார் போட்டதும் 'லோ பேட்டரி' என்று அணைந்துவிடுகிறது என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலரும் நான்கு பேட்டரியையும் மாற்றச் சொன்னீர்கள். நல்லவேளை, மாற்றவில்லை. "சும்மா இருக்கும்போது அளக்காதீங்க, லோடு ஓடும்போது ஒவ்வொரு இணைப்பிலும் அளங்க" என்றாரே ஒருவர், அதுதான் கைகொடுத்தது. லோடு இல்லாதபோது, அதாவது எந்தக் கருவியும் ஓடாதபோது, நான்கும் 12.6 வோல்ட். கணினிகளைப் போட்டதும், 2-வது பேட்டரிக்கும் 3-வதுக்கும் நடுவிலுள்ள கேபிளில் மட்டும் 2 வோல்ட்டுக்கு மேல் விழுந்தது. அதனால்தான் இன்வெர்ட்டருக்குக் குறைந்த வோல்ட் போய், 'லோ பேட்டரி' என்று காட்டியிருக்கிறது. அந்தக் கேபிள் தொட்டால் சுட்டது. லக்கை (கேபிள் நுனியிலுள்ள உலோக முனை) பிரித்தால் உள்ளே பச்சைப் பச்சையாகக் களிம்பு. வெளியே பளபளவென்று இருந்ததால் மூன்று முறை பார்த்தும் ஏமாந்தேன். கேபிளை மாற்றி, டெர்மினலில் வாசலின் தடவினோம். மூன்று வாரமாக டிரிப் இல்லை.

எதிர்பாராத ஒன்று: சத்துணவுக்கூட மிக்ஸியும் இதே லைனில்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆயாம்மாவிடம் சொல்லி, மோட்டார் ஓடும்போது மட்டும் போடுவதில்லை.

கேபிளைக் கழற்றுமுன் பேனல், இன்வெர்ட்டர் இரண்டையும் ஆஃப் செய்துவிடுங்கள். ஸ்பேனருக்கு இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள்.