மூணு மாடி கண்ணாடிக்கு எந்த வாட்டர் ஃபெட் போல் வாங்கறதுங்க?

சரவணம்பட்டியான்:
வணக்கமுங்க. நானும் மச்சானும் அவிநாசி ரோடு பக்கம் ஷோரூம், கிளினிக்னு கண்ணாடி தொடைக்கற வேலை எடுத்துப் பண்ணிட்டு இருக்கறோம், இதுவரைக்கும் ஏணியும் வைப்பரும்தான், இப்ப மூணு மாடி வேலையெல்லாம் கேக்கறாங்க, அவ்வளவு உயரம் ஏணில ஏற வீட்ல உடமாட்டீங்கறாங்க. அதான் கீழ நின்னுட்டே தண்ணி உட்டுத் தேய்க்கற போல் வாங்கலாம்னு இருக்கறோம். 45 அடி ஒண்ணு வாங்கிட்டா எல்லாத்துக்கும் ஆகுமுங்களா? கிளாஸ் ஃபைபர், ரெண்டும் கலந்த ஹைப்ரிட், கார்பன் ஃபைபர்ங்கறாங்க, விலைய பாத்தா தலை சுத்துது. தண்ணி பெரும்பாலும் போர் தண்ணிதான்.

பல்லடத்தான்:
45 வேண்டாம் தம்பி. எப்பவாச்சும் வர்ற ஒரு பில்டிங்குக்காக அத்தன கனத்த தெனமும் தூக்கோணுமா? முதல் மாடி வரைக்கும் 20, 25 அடியே தாராளம். மூணு மாடிதான் இனி வேலைன்னா 35க்கு போங்க, சொவத்துல இருந்து தள்ளி நிக்கறதுனால சாய்வுல கொஞ்சம் நீளம் போயிரும், அதயும் கணக்குல வெச்சுக்கோங்க. கிளாஸ் ஃபைபர் 25 அடி வரைக்கும் சமாளிக்கும், அதுக்கு மேல போனா தூண்டில் மாதிரி வளைஞ்சு பிரஷ் ஒரு பக்கம் நாம ஒரு பக்கம்னு ஆயிரும், சாயங்காலம் தோள்பட்டை கழண்டுரும். கடைக்காரர் சொல்ற எடைய நம்பாதீங்க, பிரஷ்ஷும் தண்ணி ரொம்புன ட்யூபும் இல்லாத எடையாத்தான் இருக்கும். எல்லாத்தயும் மாட்டி முழு நீளத்துக்கு நீட்டி தூக்கிப் பாத்துட்டு காசு குடுங்க. செக்ஷன இறுக்கிப் புடிக்கற கிளாம்ப், பிரஷ்ல தண்ணி பீச்சற ஜெட் எல்லாம் தனியா கெடைக்குதான்னும் கேட்டுக்கோங்க, ஒரு கிளாம்ப் போயி மொத்த போலும் மூலைல கெடக்கும்.

பெருந்துறை அண்ணாச்சி:
ஒண்ணு மட்டும் சேத்துச் சொல்றனுங்க. 35ன்னு முடிவு பண்ணுனா நேரா கார்பனே வாங்கிருங்க. ஹைப்ரிட் வாங்கி, கை வலிச்சு, அப்பறம் கார்பன் வாங்கறவங்கதான் அதிகம். தாழ்வான கண்ணாடிக்கு அடியில இருக்கற ரெண்டு தடி செக்ஷன உருவி வெச்சுட்டா அதே போல் இன்னும் லேசாயிரும். என்ன, கீழ போட்டாலோ வண்டி மேல இறுக்கிக் கட்டுனாலோ கீறல் உட்டுரும், பாத்துக்கோணும்.

ஆனா போல விட தண்ணிதான் முக்கியமுங்க, அத யாரும் கேக்கறதே இல்ல. தொடைக்காம தானா காயோணும், அப்ப உப்பு இருந்தா அத்தனயும் வெள்ளப் புள்ளியா நிக்கும். டிடிஎஸ், அதாவது தண்ணில கரைஞ்சிருக்கற உப்போட அளவு, 10க்கு கீழ வேணும், 0 வந்தா உத்தமம். நம்மூரு போர்ல 1000த்துக்கு மேலயும் காட்டும். அத நேரா மிச்ச உப்பயும் உறிஞ்சற டிஐ ரெசின்ல உட்டா ரெசின் சீக்கிரமே தீந்து காசு கரியாயிரும், மொதல்ல ஆர்ஓ, அப்பறம் டிஐ. ஆர்ஓ நூத்துக்குத் தொண்ணூறுக்கு மேல உப்ப எடுத்துரும், மிச்சத்த ரெசின் பாத்துக்கும். உப்பு கம்மியான சிறுவாணி தண்ணி கெடைக்கற எடம்னா ரெசின் மட்டுமே போதும். வீட்டு ஆர்ஓ தண்ணிய ஊத்தி ஓட்டிரலாம்னு நெனைக்காதீங்க, பலதுல ருசிக்காக கொஞ்சம் ஆர்ஓல போகாத தண்ணியவே கலந்து உடற செட்டிங் இருக்கும். டிடிஎஸ் மீட்டர் ஒண்ணு பாக்கெட்லயே கெடக்கட்டும்.

சரவணம்பட்டியான்:
ரொம்ப நன்றிங்ணா. பிரஷ் எப்படி பாக்கறது? பழைய சிமெண்ட் தெறிப்பு, உப்புக் கறையெல்லாம் போகுமுங்களா?

பல்லடத்தான்:
போகாது. தூசி, புறா எச்சம், புகை படிஞ்சது போகும், வருசக்கணக்கா ஊறுன உப்புக்கறைக்கும் சிமெண்டுக்கும் தனி வேலை, தனி ரேட்டு, ஒத்துக்கறதுக்கு முன்னாடியே கண்ணாடிய காட்டி பேசிருங்க, இல்லீன்னா பில்லு குடுக்கறப்ப கெரகம் ஆரம்பிச்சுரும். பிரஷ் நைலான் போதும். தண்ணி விரிஞ்சு படற கண்ணாடிக்கு ஒத்தக் கோடா பீச்சற பென்சில் ஜெட், முத்து முத்தா நிக்கற கண்ணாடிக்கு விசிறி மாதிரி பீச்சற ஃபேன் ஜெட். மேல ஃப்ரேம மொதல்ல கழுவிருங்க, அந்த அழுக்கு அப்பறமா வடிஞ்சா கண்ணாடில கோடு விழும்.

மின்மினி:
யாரும் சொல்லலயேன்னு சொல்றனுங்க. கார்பன்ல கரெண்ட் பாயும். ரோட்டோரம் பில்டிங்க ஒட்டியே 11 கேவி லைன் போற எடத்துல எந்தப் போலையும் தூக்காதீங்க, கிளாஸ் ஃபைபர்னாலும் உள்ளயும் வெளியவும் ஈரம். ஓனர்கிட்ட சொல்லி ஈபி-ல லைன் ஆஃப் பண்ணிக் குடுத்தா மட்டும் வேலை எடுங்க, இல்லாட்டி அந்தப் பக்கத்த உட்டுட்டு மத்த மூணு பக்கத்துக்கு மட்டும் கொட்டேஷன் போடுங்க.

சரவணம்பட்டியான்:
அப்ப கார்பன் 35 தானுங்க. போன வாரம் கேட்ட கிளினிக் முன்னால டிரான்ஸ்ஃபார்மரே நிக்குது, அந்தப் பக்கம் வேண்டாம்னு இன்னிக்கே போன் பண்ணிச் சொல்லிர்றேன்.