லாஜிக் ப்ரோவை விட்டுட்டு விண்டோஸுக்கு வந்தாச்சு, இனி ரீப்பரா க்யூபேஸா?

வளவு_ரெக்கார்டிங், பள்ளத்தூர்
எல்லாருக்கும் வணக்கம். நாலு வருஷமா அண்ணனோட மேக்புக்ல லாஜிக் ப்ரோங்கற பாட்டு ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் வச்சுதான் வேலை பார்த்துக்கிட்டு இருந்தேன், இப்ப அண்ணனுக்கு சிங்கப்பூர்ல வேலை, வர்ற வியாழக்கிழமை ஃப்ளைட்டு, மேக்கும் கூடவே போகுது. அப்பச்சி எனக்கு ஒரு விண்டோஸ் சிஸ்டம் அசெம்பிள் பண்ணிக் குடுத்துட்டாக, 16 ஜிபி ராம், நல்லாத்தான் இருக்கு. நான் பண்றது பழனி பாதயாத்திரை காவடிப் பாட்டு, ஆச்சிமாருக பாடுற தாலாட்டு, கொஞ்சம் நாதஸ்வரம் தவில், எல்லாம் எங்க வீட்டு வளவுலயே மைக் வச்சு எடுக்கறது. மொத்தம் 38 ப்ராஜெக்ட் இருக்கு. அதுல ஒரு தாலாட்டு, பாடின ஆச்சி போன ஐப்பசில தவறிட்டாக, அது மட்டும் எனக்கு கை நழுவிப் போகவே கூடாது. லாஜிக் விண்டோஸ்ல வராதுன்னு தெரியும். எதுக்கு மாறலாம், பழசையெல்லாம் எப்படி கொண்டுவர்றது, தெரிஞ்சவுக சொல்லுங்க.

தேவகோட்டை_மிக்ஸ்
தம்பி, யோசிக்காம க்யூபேஸ் எடு. விண்டோஸ்ல ஆடியோ வேலைன்னா சத்தம் தாமதமில்லாம போய்வர வைக்கிற அந்த ஏசியோ டிரைவர், எஃபெக்ட் கருவியெல்லாம் கூடச் சேர்க்கிற விஎஸ்டி ப்ளக்இன், ரெண்டும் க்யூபேஸ் பண்ற ஸ்டெயின்பெர்க் கொண்டுவந்ததுதான், விஎஸ்டி வந்தது 1996. இன்னைக்கு எல்லாரும் அதுமேலதான் ஓட்டுறாங்க. 12ஆம் வெர்ஷன்ல இருந்து லைசென்ஸுக்குன்னு யூஎஸ்பி டாங்கிள் சொருகுற தொல்லையும் கிடையாது. உன் வேலைக்கு முக்கியமான விஷயம் ஒண்ணு சொல்றேன், ஆச்சிமாருக காதுல தாளத்துக்கு க்ளிக் சத்தம் போட்டா பாட மாட்டாக, அவுக இஷ்டத்துக்கு இழுத்து நிறுத்திப் பாடுவாக. க்யூபேஸ் ப்ரோல டெம்போ டிடெக்ஷன் இருக்கு, அவுக பாடின காலத்துக்கு தாளக் கட்டத்தை அதுவே வளைச்சுக்கும். பிறகு அதுமேல நீ தபேலா போடு, வயலின் போடு, எல்லாம் ஒட்டி நிக்கும்.

புதுவயல்_பீட்ஸ்
எஃப்எல் ஸ்டுடியோ எடுங்க ப்ரோ. ஒரு தடவ வாங்கினா ஆயுசுக்கும் அப்டேட் ஃப்ரீ. சின்ன எடிஷனே போதும்.

கொப்புடையாள்_துணை, காரைக்குடி
புதுவயல் தம்பி, அப்டேட் ஃப்ரீங்கறது உண்மைதான், ஆனா அந்த சின்ன ஃப்ரூட்டி எடிஷன்ல மைக் வச்சு குரல் ரெக்கார்ட் பண்ண முடியாது, அதுக்கு ப்ரொட்யூசர் எடிஷன் வேணும். இவரு வேலையே குரல்தான், அதைச் சொல்லாம விட்டா பாவம் காசு குடுத்துட்டு முழிப்பாரு.

பள்ளத்தூர் தம்பிக்கு நான் சொல்றது ரீப்பர். தனி ஆளுக்கு லைசென்ஸ் 60 டாலர், நம்ம காசுக்கு ஐயாயிரம் சொச்சம், வருஷத்துக்கு 20,000 டாலருக்குள்ள சம்பாதிக்கிற யாரா இருந்தாலும் அந்த விலைதான், 60 நாள் முழுசா ஓட்டிப் பார்த்துட்டு பிறகு குடுத்தா போதும். க்யூபேஸ் ப்ரோ கிட்டத்தட்ட இதுபோல ஒன்பது பத்து மடங்கு, அந்தக் காசுக்கு தம்பி ரெண்டு நல்ல மைக் வாங்கலாம், ஆச்சி குரலுக்கு மைக்தான் பேசும், சாஃப்ட்வேர் பேசாது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுலயும் ஓடும், நாளைக்கு மறுபடி சிஸ்டம் மாறினாலும் இப்படி வந்து தவிக்க வேண்டியதில்ல.

கானாடுகாத்தான்_கீஸ்
ரெண்டு பேரும் இவரை ஏன் அலைய விடுறீங்க? 2020ல வந்த எம்1 மேக் மினி செகண்ட் ஹேண்ட்ல பாருங்க. லாஜிக் ஒரு தடவ வாங்கினா போதும், 2013ல லாஜிக் ப்ரோ எக்ஸ் வந்ததுல இருந்து வாங்கினவங்களுக்கு அப்டேட்டுக்கு தனிக் காசு கேட்டதில்ல. 38 ப்ராஜெக்ட்டும் அப்படியே திறக்கும், ப்ளக்இன், ஆட்டோமேஷன், டேக், ஒண்ணு விடாம. ரகுமான் சாரோட கேஎம் காலேஜ்லயே லாஜிக் சொல்லிக்குடுக்கத்தான் மேக் லேப் போட்டாங்க. நாலு வருஷம் கை பழகின சாஃப்ட்வேரை விடறது கை பழகின ஆர்மோனியத்தை விக்கிற மாதிரி.

கொப்புடையாள்_துணை, காரைக்குடி
அண்ணே, கை பழக்கம் பெருசுதான், நான் மறுக்கல. ஆனா ஒண்ணு யோசிங்க, லாஜிக்கே முதல்ல விண்டோஸ்லயும் ஓடினதுதான். எமேஜிக்னு ஒரு ஜெர்மன் கம்பெனி பண்ணிக்கிட்டு இருந்தது, 2002ல ஆப்பிள் அதை வாங்கினதும் விண்டோஸ் பக்கத்தை நிறுத்திட்டாங்க, அப்ப விண்டோஸ்ல பாட்டு வச்சிருந்தவுக கதி என்ன ஆகியிருக்கும்? அதனாலதான் சொல்றேன், ஒரே ஒரு கம்பெனியோட ஒரே ஒரு பெட்டிக்குள்ள வீட்டுப் பாட்டையெல்லாம் பூட்டி வைக்காதீங்க.

தேவகோட்டை_மிக்ஸ்
அப்ப ரீப்பருக்கு மட்டும் என்ன உத்தரவாதம்? சின்ன கம்பெனி, விரல் விட்டு எண்ணிடலாம். கேக்வாக்னு ரெக்கார்டிங் சாஃப்ட்வேர், எவ்வளவு பழைய பேரு, 2017ல கடையைச் சாத்தல? அடுத்த வருஷம் பேண்ட்லேப்னு வேற கம்பெனி எடுத்து நடத்தினதால பிழைச்சது. விண்டோஸ்லயும் இதெல்லாம் நடந்ததுதான். க்யூபேஸுக்குப் பின்னாடி யமஹா இருக்கு.

கொப்புடையாள்_துணை, காரைக்குடி
உத்தரவாதம் எந்தக் கம்பெனிக்கும் கிடையாதுண்ணே, அதனாலதான் நான் ஃபைலைப் பாக்கிறேன். ரீப்பர் ப்ராஜெக்ட் ஃபைல் வெறும் டெக்ஸ்ட். நோட்பேட்ல திறந்து பாருங்க, மேலயே டெம்போ என்ன, தாளம் நாலுக்கு நாலான்னு ஒரு வரில இருக்கும், கீழ ஒவ்வொரு ட்ராக்கா எந்த வேவ் ஃபைல், எத்தனையாவது செகண்ட்ல ஆரம்பிக்குதுன்னு எண்ணா எழுதியிருக்கும். நாளைக்கு ரீப்பரே இல்லைன்னாலும் அதைப் படிச்சு ஒரு ஆளு உக்காந்து பாட்டைத் திரும்ப அடுக்கிடலாம். நான் ஒரு தடவ வேவ் ஃபோல்டரோட பேரை மாத்தித் தொலைச்சு, 22 ட்ராக்கும் காணோம்னு வந்து நின்னப்ப நோட்பேட்லயே பாதையைத் திருத்தி மீட்டேன்.

குறையும் சொல்லிடறேன். ரீப்பர் கூட இசைக்கருவின்னு உருப்படியா எதுவும் வராது, பியானோ வேணுமா ஸ்ட்ரிங்ஸ் வேணுமா நீங்கதான் கான்டாக்ட் ப்ளேயர், வைட்டல்னு தேடிப் போடணும். லாஜிக்ல ஆல்கெமி, ட்ரம்மர்னு கூடவே வந்து பழகினவருக்கு முதல் வாரம் வெறும் வீட்டுக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருக்கும்.

தேவகோட்டை_மிக்ஸ்
அதைத்தான் நானும் சொல்றேன். தாலாட்டை க்ளிக் இல்லாம பாடிட்டாக, அதுமேல கருவி சேர்க்கணும்னா ரீப்பர்ல டெம்போ மார்க்கரை ஒவ்வொண்ணா கையால குத்தணும். பிட்ச் திருத்த க்யூபேஸ் ப்ரோல வேரி ஆடியோ எவ்வளவு சுத்தம், ரீப்பர்ல வர்ற உன் ரீட்யூன் அதுக்குப் பக்கத்துல நிக்காது.

கொப்புடையாள்_துணை, காரைக்குடி
ஆச்சி பாட்டுல எதுக்குண்ணே பிட்ச் திருத்தணும்? அவுக "ஆராரோ"ன்னு இழுக்கிறப்ப சுரம் ரெண்டு கட்டைக்கு நடுவுல எங்கயோ நின்னு ஆடும், அந்த ஆட்டந்தான் அவுக குரல். அதைப் பன்னெண்டு கட்டைல ஏதாவது ஒண்ணுல கொண்டுபோய் ஒட்டினா கமகமும் போச்சு, ஆச்சியும் போச்சு. கட்டம் போட வேண்டிய பாட்டும் இல்ல அது. தொட்டிலு எப்படி ஆடிச்சோ அப்படி பாடினது.

தேவகோட்டை_மிக்ஸ்
தாலாட்டுக்கு நீ சொல்றது சரி, ஒத்துக்கறேன். காவடிப் பாட்டுக்கு? தவில், கோரஸ், கீபோர்டு எல்லாம் சேர்த்து அடுத்த தை மாசத்துக்குள்ள குடுக்கணும்னா டெம்போ வேலை வந்தே தீரும். அங்க நான் என் பேச்சுல இருந்து இறங்க மாட்டேன்.

வளவு_ரெக்கார்டிங், பள்ளத்தூர்
அண்ணே எல்லாருக்கும் நன்றி. மேக் மினி இப்ப முடியாதுண்ணே, லாஜிக்கே அண்ணனோட ஆப்பிள் ஐடிலதான் இருக்கு, அப்பச்சிகிட்ட புதுசா இன்னொரு மிஷின்னு கேக்கவும் மனசு வரல. வியாழனுக்குள்ள 38ஐயும் எப்படி வெளிய எடுக்கறது, அதை முதல்ல சொல்லுங்க. இன்னொண்ணு, எங்க வீட்டு எதிரொலியை நான் லாஜிக்ல இருக்கிற ஸ்பேஸ் டிசைனர்ங்கற எதிரொலி ப்ளக்இன்ல போட்டு வச்சிருந்தேன், வளவு நடுவுல பலூன் உடைச்சு அந்தச் சத்தத்தை ரெக்கார்ட் பண்ணி எடுத்தது, அந்த ஆத்தங்குடி கல்லு, சுண்ணாம்புச் சுவரு, மேல திறந்த வானம், அந்தச் சத்தம் வேற எந்த ரிவெர்ப்லயும் வரல. அது விண்டோஸ்ல கிடைக்குமா?

கானாடுகாத்தான்_கீஸ்
லாஜிக்ல இருந்து எடுக்கிறது நான் சொல்றேன், நல்லா கேட்டுக்கோங்க. ஒவ்வொரு ப்ராஜெக்ட்டையும் திறந்து எக்ஸ்போர்ட்ல "ஆல் ட்ராக்ஸ் ஆஸ் ஆடியோ ஃபைல்ஸ்" குடுங்க, வேவ், 24 பிட். எல்லா ட்ராக்கும் பாட்டோட தொடக்கத்துல இருந்தே வரணும், அப்பத்தான் புது சாஃப்ட்வேர்ல ஜீரோல வச்சா தானா பொருந்தும். எஃபெக்ட் இல்லாம ஒரு தடவ, எஃபெக்டோட ஒரு தடவ, ரெண்டும் எடுங்க. ஆல்கெமில வாசிச்சதெல்லாம் இனி ஆடியோவாத்தான் வரும், அதனால மிடி ரீஜன், அதாவது எந்தக் கட்டையை எப்ப வாசிச்சீங்கங்கற குறிப்பு, அதையெல்லாம் செலக்ட் பண்ணி மிடி ஃபைலா தனியா எடுத்துக்கோங்க, டெம்போவும் அதுல வரும். மேக்குக்குன்னு இருக்கிற ஏயு ப்ளக்இன் விண்டோஸ்ல கிடையாது, காசு குடுத்து வாங்கினது இருந்தா அதே கம்பெனி பக்கத்துல விஎஸ்டி3 இறக்கலாமான்னு பாருங்க.

முக்கியமா ஹார்ட் டிஸ்க். மேக் ஃபார்மட்ல இருந்தா விண்டோஸ் அதைப் படிக்கவே படிக்காது. ரெண்டு சிஸ்டமும் படிக்கிற எக்ஸ்ஃபேட்ல ஃபார்மட் பண்ணிட்டு காப்பி பண்ணுங்க, வியாழக்கிழமைக்கு அப்புறம் தெரிஞ்சா பெரிய தொல்லை. ஒரிஜினல் லாஜிக் ப்ராஜெக்ட்டையும் கூடவே போட்டு வைங்க, விண்டோஸ்ல அது ஒரு ஃபோல்டராத்தான் தெரியும், உள்ள மீடியாங்கறதுல பாடின குரலெல்லாம் கிடக்கும்.

கொப்புடையாள்_துணை, காரைக்குடி
வளவு சத்தம் கண்டிப்பா கிடைக்கும் தம்பி. பலூன் உடைச்ச ஒரிஜினல் வேவ் ஃபைல் இருக்குல்ல, அதை ரீப்பர்ல ரீவெர்ப்னு ஒரு ப்ளக்இன் இருக்கு, அதுல போடுங்க, அது கூடவே வர்றது, தனிக் காசு இல்ல. மைக்கை சிஸ்டத்தோட சேர்க்கிற ஆடியோ பாக்ஸுக்கு அதோட கம்பெனி தர்ற ஏசியோ டிரைவரையே போடுங்க, 48 கிலோஹெர்ட்ஸ்ல பஃபர் 128 வச்சா அதால வர்ற தாமதம் ஒரு பக்கத்துக்கு மூணு மில்லிசெகண்டுக்கும் கீழ, பாடுறவுகளுக்கு ஹெட்ஃபோன்ல பின்தங்கிக் கேக்காது.

தேவகோட்டை_மிக்ஸ்
ஸ்டெம், அதான் ட்ராக் ட்ராக்கா வேவ், எடுக்கிற விஷயத்துல கானாடுகாத்தான் சொன்னதுதான் சரி, அதை முதல்ல முடி. காவடிப் பாட்டு தொடங்கறப்ப ஸ்டெம்மைத் தூக்கிக்கிட்டு ஒரு நாள் தேவகோட்டைக்கு வா, என் சிஸ்டத்துல க்யூபேஸ்ல போட்டுக் காட்டறேன், நீயே கேட்டுட்டு முடிவு பண்ணு.

வளவு_ரெக்கார்டிங், பள்ளத்தூர்
வர்றேண்ணே, கண்டிப்பா வர்றேன். டிஸ்க் மேக் ஃபார்மட்லதான் இருந்திருக்கு, நல்லவேளை சொன்னீங்க, மாத்திட்டேன். 27 ப்ராஜெக்ட் எடுத்தாச்சு. ஆச்சி தாலாட்டைத்தான் முதல்ல எடுத்தேன், ரீப்பர் இறக்கி அதுல வச்சு, பலூன் ஃபைலை ரீவெர்ப்ல போட்டேன். ரெண்டாவது அடி முடியறப்ப அவுக மூச்சு வாங்குற இடத்துல பின்னாடி முத்தத்துல ஒரு குருவி கத்தும், லாஜிக்ல கேட்ட மாதிரியே கேட்டுச்சு. அப்பச்சி முகப்புல இருந்து எந்திரிச்சு உள்ள வந்து நின்னு கேட்டாக. இன்னும் 11 இருக்கு, அண்ணன் பெட்டி கட்டிக்கிட்டு இருக்கு, நான் பக்கத்துல உக்காந்து எக்ஸ்போர்ட் ஓட்டிக்கிட்டு இருக்கேன்.