மெட்ராஸ் கிளப் வரலாறு நமக்குப் பெருமையா?

கோட்டை_அகழி:
1832ல் தொடங்கிய மெட்ராஸ் கிளப்பை ‘நம்ம பாரம்பரியம்’னு ஒரு நண்பர் இங்கே எழுதியிருந்தார். மனசு ஒப்பலை. கவர்னர் ஆபீஸ் அதிகாரிகளும் பட்டாளத்து துரைமாரும் துறைமுகத்து வெள்ளைக்கார வியாபாரிகளும் கூடின இடம் அது. சுதந்திரம் வந்து பத்து வருசம் தாண்டியும் இந்தியரை உறுப்பினராச் சேர்க்கலை. வேலூர்க்காரன் அதை எப்படி நம்மளுதுன்னு சொல்றது?

ராணிப்பேட்டை_வாசி:
சார், ஆள் சேர்க்காதது தப்புதான், மறுக்கலை. ஆனா கட்டடத்தைப் பாருங்க. மவுண்ட் ரோடு பக்கம் இருந்த பழைய கிளப் பத்திரிகை ஆபீஸாச்சு, இப்ப அங்கே எக்ஸ்பிரஸ் அவென்யூ மால். அடையாற்றங்கரையில மௌப்ரேங்கிற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி கட்டின குவிமாட வீடு மட்டும் இன்னும் நிக்குது. முதல்ல அடையாறு கிளப் அங்கே இருந்தது, 1963ல் ரெண்டு கிளப்பும் ஒண்ணாச்சு. கிளப் இல்லேன்னா அந்த இடத்துல அடுக்குமாடிதான். நம்மாளுங்களும் சும்மா இருக்கலை. இந்தியருக்கு இடம் தந்த காஸ்மாபாலிட்டன் கிளப் 1873லயே வந்துடுச்சு.

கோட்டை_அகழி:
அங்கேயும் வக்கீலும் ஜமீன்தாரும்தானே தம்பி? அதை விடுங்க, உடுப்புக்கு வர்றேன். 2014 ஜூலையில சேப்பாக்கத்துல ஒரு கிளப், வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியையே வாசலோட திருப்பி அனுப்பிச்சு. அதுக்கப்புறம் சட்டசபை சட்டமே போட வேண்டி வந்தது. 1806 ஜூலை 10 விடியுமுன்னே நம்ம வேலூர்க் கோட்டையில கம்பெனிப் பட்டாளத்துச் சிப்பாய்ங்க துப்பாக்கி எடுத்ததும் உடுப்பாலதான். நாமம், திருநீறு கூடாது, கடுக்கன் கூடாது, தாடியை எடு, தோல் வச்ச புதுத் தலைப்பாகையைக் கட்டுன்னு உத்தரவு. ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பிங்கிற வெள்ளைக்கார அதிகாரி குதிரைப்படையோட வந்து அடக்கினான். சில பேரைப் பீரங்கி வாயில கட்டிச் சுட்டாங்க. நான் தினம் அந்த அகழி ஓரமா நடக்கறவன். வேட்டிக்குத் தடைன்னா ‘தனியார் விதி’ன்னு என்னால தாண்டிப் போக முடியாது.

காட்பாடி_பேத்தி:
அண்ணே, எங்க தாத்தா சென்னையில ஒரு பழைய கிளப்புல பேரரா, அதாவது பரிமாறுற ஆளா இருந்தவர். கஞ்சி போட்டு விசிறி மாதிரி மடிச்ச தலைப்பாகை, இடுப்புப் பட்டையில பித்தளை வில்லை. வில்லையைப் புளி போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சு எழுத்தே மழுங்கிப்போச்சு. முன் வாசல் வழியா ஒரு நாள்கூடப் போனதில்லையாம். ஆனா அந்தச் சம்பளத்துலதான் எங்கம்மாவும் சித்தியும் படிச்சாங்க. யாராவது கிளப்பைத் திட்டினா அவருக்குக் கோவம் வரும். எனக்கு ரெண்டு பக்கமும் வலிக்குது.

ராணிப்பேட்டை_வாசி:
அக்கா, நான் சொல்ல வந்ததும் இதுதான். 1856ல் தெற்கே முதல் ரயில் ராயபுரத்திலிருந்து நம்ம வாலாஜா ரோடு வரைக்கும் வந்தது. நம்ம பக்கத்துத் தோல் மெட்ராஸ் துறைமுகம் வழியாத்தான் கப்பல் ஏறுச்சு. அந்த வரலாற்றை ‘அவங்களுது’ன்னு ஒதுக்கிட்டா உங்க தாத்தா கதையும் சேர்ந்து போயிடும். எழுதி வைக்கணும்.

கோட்டை_அகழி:
எழுதி வைக்கத்தான் வேணும், அதுல சண்டையில்லை. பேரர் பேரும் அதுல வரணும். கொண்டாட மட்டும் என்னைக் கூப்பிடாதீங்க.

காட்பாடி_பேத்தி:
வில்லையில பேர் இல்லைண்ணே, நம்பர்தான். அம்மா பெட்டியில இருக்கு. ஞாயித்துக்கிழமை போறப்ப படம் எடுத்துப் போடறேன்.