வேலைக்குப் போட்டுப் போகும் உடையை நினைத்துக் கூசியிருக்கிறீர்களா? வந்து சொல்லுங்கள்

எங்கள் பிரிவில் புதிதாக ஒரு பையன் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கிறான். வேலையில் கெட்டிக்காரன். ஆனால் கூட்டத்தில் உட்கார்ந்ததும் அவன் வலது கை காலருக்குப் போய்விடும், அதைப் பிடித்தபடியே குனிந்துகொள்வான். மற்றவர்களுக்கு அது ஏதோ பழக்கமாகத் தெரிந்திருக்கலாம். எனக்குப் பார்த்தவுடனே புரிந்துவிட்டது, ஏனென்றால் 18 வருடத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

முதல் வேலை. உருப்படியான சட்டை இரண்டே இரண்டு, ஒன்று வெளிர் நீலம், இன்னொன்று வெள்ளையில் மெல்லிய கோடு. ஒன்றைப் போட்டுக்கொண்டு போய் வந்து இரவில் துவைத்துக் காயப்போடுவேன், காலையில் ஈரம் மிச்சம் இருந்தால் இஸ்திரிப் பெட்டியாலேயே காயவைப்பேன். நாலைந்து மாதத்தில் நீலச் சட்டையின் காலர் மடிப்பில் தேய்ந்து, உள்ளே இருக்கும் வெள்ளைக் கான்வாஸ் எட்டிப்பார்க்க ஆரம்பித்தது. தையல்காரர் ஒருவர் காலரைப் பிரித்து, கீழ்ப்பக்கம் மேலே வரும்படி திருப்பித் தைத்துக் கொடுத்தார். (இப்படிச் செய்யலாம் என்பதே நிறையப் பேருக்குத் தெரியாது. காலர் மட்டும் போன நல்ல சட்டை இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.) ஆனால் திருப்பிய பக்கம் அதுவரை வெளிச்சம் படாத பக்கம், அதன் நிறம் கொஞ்சம் அடர்த்தியாக, சட்டையோடு ஒட்டாமல் தனியாகத் தெரிந்தது. அறைக்குள் நுழைகிற ஒவ்வொருவரும் முதலில் என் கழுத்தைத்தான் பார்க்கிறார்கள் என்று நான் முழுதாக நம்பினேன்.

ஒரு நாள் கூட்டத்தில் ஒரு கணக்கு தப்பாக இருப்பது எனக்குத் தெரிந்தது. எழுந்து சொன்னால் பன்னிரண்டு பேரும் என் பக்கம் திரும்புவார்கள். சொல்லவில்லை. அந்தத் தப்பு அப்படியே வெளியே போய், அதைச் சரிசெய்ய மூன்று வாரம் ஆனது. நான் வாயைத் திறக்காததற்கு ஒரு காலர்தான் காரணம் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, இங்கேதான் முதல்முறை சொல்கிறேன்.

இப்போது இந்தப் பையனைப் பார்க்கும்போது மனசு கேட்கவில்லை. ஏதாவது சொல்வதா, கண்டும் காணாமல் இருப்பதா? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

* * *

மகப்பேறு விடுப்பு முடிந்து திரும்பிய முதல் வாரம் நினைவுக்கு வருகிறது. என் பழைய சட்டைகள் இடுப்பில் ஏறின, மார்பில் பொருந்தவில்லை. பட்டனைப் போட்டாலும் இரண்டு பட்டனுக்கு நடுவில் துணி பிளந்துகொண்டு நிற்கும். உள்பக்கமாக ஊக்கு குத்திக்கொண்டு போனேன், முன்னால் சாய்ந்தால் ஊக்கு குத்தும், நிமிர்ந்தால் துணி இழுக்கும். அந்த வாரம் முழுக்க ஒரு ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டே நடந்தேன். பால் கசிந்துவிடுமோ என்ற பயம் வேறு. அதனால் எப்போதும் மேலே ஒரு தடித்த கருநீல ஸ்வெட்டர்.

ஏசி குளிருக்காகப் போட்டிருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டேன். அது முழுப் பொய்யும் இல்லை. அலுவலகங்களில் எவ்வளவு குளிர் இருக்கலாம் என்பதற்கு இன்றும் அடிப்படையாக இருக்கும் கணக்கு 1960களில் உருவானது. அதில் உடல் வெளியிடும் வெப்பத்துக்கு எடுத்துக்கொண்ட அளவு 40 வயது, 70 கிலோ எடையுள்ள ஓர் ஆணுடையது. பல பெண்களின் உடல் அவ்வளவு வெப்பத்தை வெளியிடுவதில்லை என்று 2015இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இருவர் அளந்து காட்டினார்கள். அந்தக் கட்டடம் என்னை மனதில் வைத்துக் கணக்குப் போட்டதே இல்லை என்று தெரிந்தபோது எனக்கு ஏனோ பெரிய ஆறுதலாக இருந்தது.

ஊக்குக்கு வழி பின்னால்தான் தெரிந்தது. மார்பு அளவுக்குச் சரியான சட்டையை வாங்கிவிட்டு இடுப்பைப் பிடித்துத் தைக்கக் கொடுக்க வேண்டும், இரண்டு பட்டனுக்கு நடுவே வெளியே தெரியாமல் ஒரு பிரஸ் பட்டன் வைக்கச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

ஆனால் துணியை விட அதிகமாக வலித்தது ஒரு வாக்கியம். நல்ல பெண்தான், அன்பாகத்தான் கேட்டாள்: “முன்னாடி எவ்வளவு சின்னதா இருந்தீங்க, இல்ல?” நானே சமாளித்துவிட்டேன் என்று நினைத்திருந்த நேரத்தில், எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள் என்று அது எனக்குச் சொல்லிவிட்டது. அதனால் அந்தப் பையனிடம் தயவுசெய்து எதுவும் சொல்லாதீர்கள்.

* * *

நான் மறுபக்கத்தில் இருந்தவன். சொல்லக் கூடாத விதத்தில் சொன்னவன், அதனால் இதை எழுதியே ஆக வேண்டும்.

என் குழுவில் ஒருவர் நாள் தவறாமல் கசங்கிய சட்டையில் வருவார். மறுநாள் வெளியிலிருந்து ஆட்கள் வரப்போகிறார்கள், அந்தப் பதற்றத்தில் நாலு பேர் முன்னால், “நாளைக்காவது இஸ்திரி போட்ட சட்டையில வாங்க” என்றேன். அவர் சிரித்தார், மற்றவர்களும் சிரித்தார்கள். மறுநாள் புதுச் சட்டையில் வந்தார். பெட்டியில் மடித்து வைத்த கோடுகள் மார்பில் குறுக்கும் நெடுக்குமாக அப்படியே இருந்தன. இரவில் போய் வாங்கியிருக்கிறார், தேய்க்க நேரமோ இடமோ இல்லை. அன்றிலிருந்து எங்களோடு சாப்பிட உட்காருவதை நிறுத்திவிட்டார். இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, அவருடைய அப்பா மருத்துவமனையில் இருந்திருக்கிறார், இவர் இரவெல்லாம் அங்கே நாற்காலியில் தூங்கிவிட்டு நேராக வேலைக்கு வந்திருக்கிறார். நான் மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்ல சார்” என்றார். அதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு வளரவே இல்லை.

அதன் பிறகு நான் மாற்றிக்கொண்டது இதுதான். வேலைக்கு ஒரு உடை அவசியம் என்றால் அதைச் சேருவதற்கு முன்பே எல்லாருக்கும் ஒரே மாதிரி எழுத்தில் சொல்லிவிடுகிறேன். ஒருவரிடம் மட்டும் சொல்லியே ஆக வேண்டும் என்றால் தனியாக, அதுவும் சாயங்காலம் கிளம்பும் நேரத்தில். காலையில் சொன்னால் அவர் அதே உடையில் எட்டு மணி நேரம் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும், அது தண்டனை. அப்புறம், குறையைச் சொல்வதில்லை, தேவையை மட்டும் சொல்கிறேன்: “வெள்ளிக்கிழமை காலர் வைத்த சட்டை வேண்டும்.” அந்த ஒரு நாளுக்காக ஒருவர் கடன் வாங்க வேண்டியிருக்கும் என்று தெரிந்தால் அந்தச் சட்டையை அலுவலகம்தான் வாங்கித் தர வேண்டும், இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

* * *

எனக்கு நடந்தது நேர் எதிர். முதல் நாள் கோட்டு, டை எல்லாம் போட்டுப் போனேன், அங்கே இருந்த அத்தனை பேரும் டிசர்ட். முன்கூட்டியே கேட்டுத்தான் இருந்தேன், “உங்க விருப்பம்தான்” என்று பதில் வந்தது. புதிதாக வருகிறவருக்கு அந்தப் பதில் எந்த வகையிலும் உதவாது. இப்போதெல்லாம், “சாதாரணமா ஒரு செவ்வாய்க்கிழமை அங்க இருக்கறவங்க என்ன போட்டிருப்பாங்க?” என்று கேட்கிறேன். சரியான பதில் கிடைக்கிறது.

* * *

தொடங்கியவர் சொன்ன “எல்லாரும் என் கழுத்தைத்தான் பார்க்கிறார்கள்” என்ற அந்த உணர்வை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச்சும் உடன் இருந்தவர்களும் செய்த ஆய்வு, 2000இல் வெளிவந்தது. ஒரு மாணவரைக் கூப்பிட்டு, பாடகர் பாரி மனிலோவின் முகம் பெரிதாக அச்சிட்ட ஒரு டிசர்ட்டைப் போடச் சொல்கிறார்கள். அந்த வயதுப் பிள்ளைகளுக்கு அதைப் போட்டுக்கொண்டு நிற்பது கூச்சமான விஷயம். பிறகு மற்ற மாணவர்கள் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கும் அறைக்குள் அவரை அனுப்பி, கொஞ்ச நேரத்தில் வெளியே அழைத்து, எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்று கேட்கிறார்கள். போட்டவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர் என்று நினைத்தார்கள். டிசர்ட்டில் இருந்தது யார் என்று உண்மையில் சொல்ல முடிந்தவர்கள் சுமார் கால்வாசிப் பேர். நம் உடையை நாம் பக்கத்தில் இருந்து, விடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறோம், மற்றவர்களும் அதே தூரத்தில்தான் நிற்கிறார்கள் என்று நம் மனம் கணக்குப் போட்டுவிடுகிறது.

அதில் எனக்கு நேரடியாகப் பயன்பட்டது இன்னொரு பகுதி. அந்த டிசர்ட்டைப் போட்டுக் கொஞ்ச நேரம் பழகிய பிறகு உள்ளே போனவர்கள், கவனித்திருப்பார்கள் என்று சொன்ன எண்ணிக்கை குறைந்தது. அதனால் புதிதாக எதையாவது போடுவதாக இருந்தால் முந்தின நாளே வீட்டில் ஒரு மணி நேரம் போட்டுக்கொண்டு ஏதாவது வேலை பார்க்கிறேன். மறுநாள் அது பழைய உடை மாதிரி ஆகிவிடுகிறது.

ஆனால் இந்தக் கணக்கு எல்லாருக்கும் ஒரே மாதிரி நடப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியத் தொலைக்காட்சியில் காலை நிகழ்ச்சி நடத்திய கார்ல் ஸ்டெஃபனோவிக் ஒரு வருடம் கிட்டத்தட்ட தினமும் ஒரே நீல நிற சூட்டில் திரைக்கு வந்தார், யாரும் ஒன்றும் கேட்கவில்லை. 2014இல் அவரே சொன்ன பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த லிசா வில்கின்சனின் உடையைப் பற்றி மட்டும் விமர்சனம் வந்துகொண்டே இருந்தது, அதைக் காட்டத்தான் அவர் அப்படிச் செய்தார்.

* * *

ஆய்வு சரியாகவே இருக்கட்டும், நான் மறுக்கவில்லை. ஆனால் சில பேரை நிஜமாகவே பார்க்கிறார்கள்.

நான் 12 வருடம் லேத்தில் நின்றவன். நகத்தின் ஓரத்தில் ஏறிய கருப்பு எத்தனை தேய்த்தாலும் முழுதாகப் போகாது. பதவி உயர்வு வந்து மாடியில் மேசை கொடுத்தார்கள், ஆனாலும் மதியத்துக்கு மேல் பணிமனைக்கு இறங்க வேண்டும் என்பதால் இரும்பு மூக்கு வைத்த பாதுகாப்பு ஷூவைத்தான் போட்டுப் போவேன். மூன்றாம் நாள் முன்வாசலில் நிறுத்தி, சரக்கு இறக்கும் பின்வாசல் வழியாகப் போகச் சொன்னார்கள். அடையாள அட்டையைக் காட்டிய பிறகும் மேலும் கீழும் ஒரு பார்வை. மறுநாள் வெள்ளைச் சட்டையும் தோல் ஷூவும் போட்டுப் போனேன், அதே ஆள் கதவைத் திறந்துவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, யாரை எந்த வாசலில் விட வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் மேலேதான்.

“யாரும் பார்க்கவில்லை, எல்லாம் உன் மனசுதான்” என்று அந்தப் பையனிடம் சொல்லிவிடாதீர்கள். அவன் எதைப் பார்த்திருக்கிறான் என்று நமக்குத் தெரியாது.

* * *

எனக்கு வியர்வைதான் பிரச்சினை, அக்குளில் வட்டம் தெரிந்துவிடும் என்று கையையே தூக்காமல் இருந்த வருடங்கள் உண்டு. சாம்பல் நிறமும் வெளிர் நீலமும் ஈரத்தை உடனே காட்டிக்கொடுக்கும், வெள்ளையும் கருநீலமும் சிறு அச்சுப்போட்ட துணியும் காட்டாது. பாலியஸ்டரில் நாற்றம் தங்குவது பருத்தியை விட அதிகம், கூட்டத்தில் நெருக்கி உட்காரும் நாளில் பருத்திதான் போடுவேன். மஞ்சள் கறைக்கு வியர்வை மட்டும் காரணமில்லை. வியர்வையைத் தடுக்கப் பூசுகிறோமே, அதில் இருக்கும் அலுமினிய உப்பும் சேர்ந்துதான் அது படிகிறது. அதற்குக் குளோரின் ப்ளீச் ஊற்றி இரண்டு நல்ல சட்டைகளை இன்னும் மஞ்சளாக்கினேன், நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

* * *

தொடங்கியவன்தான் மறுபடி வந்திருக்கிறேன். எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன்.

அந்த டிசர்ட் ஆய்வைப் படித்ததும் மனசு நிலைகொள்ளாமல், முதல் வேலையில் என் பக்கத்து மேசையில் இருந்த நண்பனைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். நீலச் சட்டை, வேறு நிறக் காலர், நினைவிருக்கிறதா என்று கேட்டேன். கொஞ்சமும் நினைவில்லை என்றான். அப்புறம் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு அவன் கேட்டான்: “என் ஷூ உனக்கு ஞாபகம் இருக்கா?” இடது ஷூவின் அடியில் ஓட்டையாம், உள்ளே அட்டை வெட்டி வைத்துக்கொண்டு வருவானாம், அது தெரிந்துவிடும் என்று ஒரு வருடம் காலைத் தரையிலிருந்து எடுக்காமலே உட்கார்ந்திருந்தானாம். அவனுக்கும் எனக்கும் நடுவில் ஒரு மேசைதான் இருந்தது. எனக்குத் தெரியவே தெரியாது.

பையனிடம் சட்டையைப் பற்றி எதுவும் பேசப்போவதில்லை. பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு முதல் மாதமே நிறுவனச் சட்டை இரண்டு கொடுத்துவிட வேண்டும் என்று கேட்டு எழுதியிருக்கிறேன், அவன் ஒருவனுக்கு என்று இல்லாமல் எல்லாருக்கும். பதில் இன்னும் வரவில்லை. வியாழக்கிழமைக் கூட்டத்தில் அவன் போட்ட கணக்குதான் முதலில் வருகிறது. எல்லாரும் கையில் வைத்துப் பார்க்கிற மாதிரி அந்தத் தாளை நகல் எடுத்து வைத்திருக்கிறேன். அவன் பேசும்போது மற்றவர்கள் குனிந்து அதைப் படித்துக்கொண்டிருப்பார்கள்.